நாற்பது வீதம்

சித்திரை பிறந்து மூன்றாம் நாள்,
கரம் டவுன்ஸ் கோயில் திருநீறு நெற்றியில் இருக்க
டாண்டினோங் மருந்துக்கடைக்குள் வந்தார் தில்லையம்பலம்.
பஞ்சாங்கம் கோடை என்றது.
லான்ஸ்டேல் தெரு மரங்கள்
இலைகளைக் கைவிடத் தொடங்கியிருந்தன.

"பிள்ளை, எத்தனை வீதம்?"
கோட்டைக் கழற்றுமுன்னம் அதுதான் கேள்வி.
முப்பத்தொரு வருஷம் கணக்காய்வு செய்த வாய்.

பொய் சொல்லத் தெரியாமலில்லை எனக்கு.
ஆனாலும் சொன்னேன்:
நல்ல வருஷம் ஐம்பது. மோசமான வருஷம் முப்பது.
எழுபத்தேழு வயசில் இன்னும் கொஞ்சம் குறையலாம்.
இந்தக் குளிருக்கு எந்தக் கிருமி வரும் என்று
போன புரட்டாசியிலேயே
யாரோ மேசையைச் சுற்றி இருந்து ஊகித்த மருந்து இது.

"சராசரி?"
நாற்பது என்று வையுங்கோ.

"நாற்பது கொண்டுபோனால்
எனக்கு வீட்டில் அடி விழும்."

அப்படியில்லை என்றேன்.
நூறு பேர் விழவேண்டிய இடத்தில்
நாற்பது பேர் விழாமல் நிற்பினம்.
"எந்த நாற்பது?"
எனக்குத் தெரியாது.
அந்த நாற்பது பேருக்கும் தெரியாது.

அவர் சிரிக்கவில்லை.
பேனையைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார்.
"நடக்காத நட்டத்துக்குப் பேரேட்டில் பத்தி இல்லை"
என்றுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

ஊசி போட்டவர் பதினைந்து நிமிடம் காத்திருக்கும்
நீலக் கதிரையில் இருந்து
விற்றமின் போத்தல்களின் விலையை
ஒவ்வொன்றாய் வாசித்தார்.
ஒன்று பிழை என்றார்.
பிழைதான்.

ஆடியில், கதவு திறக்குந்தோறும்
முழங்காலைக் கடிக்கும் குளிரில்
முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு வந்தார்.
ஐந்து நாள் காய்ச்சல்.
பரிசோதித்துப் பார்த்ததில் இன்ஃபுளுவென்சா.
"உன்ர நாற்பது" என்றார்.
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

நான் அவர் சப்பாத்தைப் பார்த்தேன்.
சேறு.
பஸ்தரிப்பிலிருந்து நடந்து வந்திருக்கிறார்.
என்னோடு சண்டை பிடிக்க
நடந்து வந்திருக்கிறார்.
அது ஊசியின் வேலை என்று எப்படிச் சொல்ல?
ஊசி போடாத இன்னொரு தில்லையம்பலம்
எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இல்லை
கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்த.

பரசிற்றமோல் கொடுத்தேன்.
தண்ணி நிறையக் குடியுங்கோ என்றேன்.

அவருக்குச் சொல்லாதது ஒன்று.
அதற்கு முந்திய வருஷம் என் அக்கா தவமலர்,
அறுபத்தொன்பது வயசு,
இதே கதிரை, இதே இடது தோள்.
போட்டது நான்.
பஞ்சை அழுத்தியதும் நான்.
"உன்ர கை ஐஸ்மாதிரியடி" என்று இழுத்துக்கொண்டாள்.
ஆவணியில் காய்ச்சல்.
பதினோராம் நாள், கிளேய்ற்றன் ஆஸ்பத்திரியில்,
ஒரு புதன்கிழமை விடியமுதல்.

விழுந்த அறுபதில் அவள் ஒருத்தி என்று
எழுதிப் பார்த்தேன்.
எழுத்து சரியாக இருந்தது.
அதனால் ஒன்றும் ஆகவில்லை.

எட்டாம் நாள் வேலைக்கு வந்து
குளிர்பெட்டியைத் திறந்தேன்.
வெள்ளைப் பெட்டிகள் வரிசையாய்.
வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டேன்போல,
எச்சரிக்கைமணி கீச்சிட்டது.
இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில்
வைத்திருக்கவேண்டும் அவற்றை.
மூடினேன்.
அன்று ஆறு பேருக்குப் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம்.

இந்த வருஷமும் சித்திரை மூன்று.
அதே கோட்டு, அதே திருநீறு.
"இந்தமுறை எத்தனை?"
தெரியாது. குளிர் முடிந்தால்தான் தெரியும்.
"கணக்கு முடியமுதல் கையெழுத்துக் கேட்கிறாய்."
ஓம்.

மடித்தார்.

பதினைந்து நிமிடம் கழித்து எழும்பியவர்
போகிற வழியில் எடுத்தார்:
இருமல் மிட்டாய் ஒரு பெட்டி,
முகக்கவசம் ஒரு பெட்டி.
"மற்ற அறுபதுக்கு" என்றார்.
மிச்சக் காசை
இரண்டுதரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.